மலைக்குப் பின்னால் ஒரு டிராகன்

நெவில் ஜெயித்துக்கொண்டிருந்தான். அதுதான் அவனை உறுத்தியது.

பத்தொன்பது வருஷமாக டெஸ்மண்டோடு ஆடுகிறான், ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இரண்டு ஆட்டம் சமமாக முடிந்தது. அந்த இரண்டையும் டெஸ்மண்ட் தன் பக்கம் சேர்த்துக்கொண்டுவிட்டான். அவன் வாயோடு மல்லுக்கட்ட யாரால் முடியும்?

ஆறடி நீள மேஜை, மேலே பச்சைப் புல்விரிப்பு, நுரைப்பலகையில் செதுக்கிய மலைகள், நடுவில் ஒரு கோபுரம். நெவிலுடையது தாடி வைத்த குள்ளர் படை. டெஸ்மண்டுடையது பச்சைப் பூதப்படை. ஒவ்வொரு வீரனும் கட்டைவிரல் உயரம், ஒவ்வொன்றும் சொந்தக் கையால் பெயின்ட் அடித்தது. பொம்மை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆடுகிற இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், ஒருவன் தபால்காரன், இன்னொருவன் பிளம்பர். அந்தச் சொல் காதில் விழுந்தால் சின்னப் பிள்ளைகள் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். ஆறு சுற்று ஆட வேண்டும். கடைசியில் கோபுரம் யார் கையில் இருக்கிறதோ அவனுக்கு வெற்றி. தோற்றவன் மேஜையை மடக்கி அறைக்குள் கொண்டுபோய் வைத்து, டீக்கோப்பைகளையும் கழுவ வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த மேஜையை மடக்கியவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நாட்டிங்ஹாமில் அந்தத் தேவாலயக் கூடத்துக்கு ஞாயிறு மதியம் வருகிறவர்கள் எல்லாருமே இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள்தான். நெவில் ஒரு வருஷமாக வரவில்லை. போன பிப்ரவரியில் குடலில் புற்றுநோய் என்றார்கள். அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. போன மாதம் டாக்டர், "எல்லாம் சுத்தமா இருக்கு, மூட்டையெல்லாம்கூடத் தூக்கலாம், போய் வேலையப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்.

நோய் போய்விட்டது. ஊருக்குத்தான் அது தெரியவில்லை. எல்லாரும் நெவிலிடம் நல்லவர்களாகிவிட்டார்கள், அதைப் போல ஒரு கொடுமை உண்டா? தபால் நிலையத்தில் தாமதமாகப் போனால் மேலாளர் சிரிக்கிறார். மீன் வறுவல் கடைக்காரன் கேட்காமலே உருளைக்கிழங்கை அள்ளிப் போடுகிறான். கூடப் பிறந்த தங்கை சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். பேட்டரி செத்துப்போச்சு என்று சொல்ல வந்தவன்கூட அவன் முகத்தைப் பார்த்ததும் பாதியில் முழுங்கிவிட்டு, "தீர்ந்துபோச்சு" என்கிறான்.

பாக்கி இருந்தது டெஸ்மண்ட் ஒருவன்தான். அந்தப் பாவி ஈவு இரக்கம் இல்லாதவன். அவன் பழையபடி அடித்து நொறுக்கினால் நெவில் பிழைத்து வந்தது உண்மை. அவனும் பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்தால் அப்புறம் சீக்காளி என்ற பட்டம் சாகிறவரைக்கும் போகாது. நெவில் அன்றைக்கு வந்தது இதைத் தெரிந்துகொள்ளத்தான்.

வாசலிலேயே தேநீர் போடும் ஹேசல் ஓடிவந்து அவன் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். "ஐயோ கண்ணு, நீ இதெல்லாம் தூக்கக் கூடாது! குடு இங்க!"

"தூக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு ஹேசல்."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீ போய் உக்காரு."

எழுபது வயதை நெருங்குகிற பெண்மணி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறாள். ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை வெறுங்கையோடு பின்னால் போகிறான். என்ன மானக்கேடு!

டெஸ்மண்ட் மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தான். "முடி முளைச்சும் அழகு வரலையேடா உனக்கு."

நெவிலுக்கு அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "உன் தொப்பையவிட என் தலை பரவாயில்ல" என்றான். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கோளாறு.

டெஸ்மண்ட் ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்து இரண்டு கையாலும் எதையோ வெளியே எடுத்தான். கூடத்தில் பாதிப்பேர் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். டிராகன்! விரித்த இறக்கை ஒரு முழம் இருக்கும். முதுகில் துருச் சிவப்பு, வயிற்றுக்கு வரவரத் தங்கம், செதில் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு நிழல். குழாய் திருகித் திருகி முரடாகிப்போன அந்தக் கையா இதைச் செய்தது? நெவில் குனிந்து பார்த்தான். இறக்கைத் தோலில் நரம்புகூடத் தெரிந்தது.

"எப்படா இது?"

"போன வருஷம் பூரா."

"ஏய், அந்தப் பின்னங்கால்ல ஒரு நகம் மட்டும் ஏன் சாம்பலா இருக்கு? பெயின்டே அடிக்கலையே?"

"பெயின்ட் தீர்ந்துபோச்சு."

டெஸ்மண்ட் வீட்டில் ஒரு அலமாரி முழுக்கப் பெயின்ட் புட்டிகள். நகத்துக்குத் தடவ ஒரு சொட்டு போதும். பொய் சொல்கிறான் என்று நெவிலுக்குப் புரிந்தது. எதற்கு என்றுதான் புரியவில்லை.

பக்கத்து மேஜைக்காரர் தலையை ஆட்டினார். "புதுப் பெயின்டா? முதல் சுத்துலயே செத்..." என்றவர் நெவிலைப் பார்த்துவிட்டு, "ம்... போயிரும் பாரு" என்று முடித்தார்.

அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் அப்படி ஒரு நம்பிக்கை. புதிதாகப் பெயின்ட் அடித்துக் களத்தில் இறக்கியது எதுவோ அதுதான் முதலில் விழும். மருத்துவம் படித்தவனும் நம்புகிறான், கணக்கு வாத்தியாரும் நம்புகிறார். நம்பாத ஒரே ஆள் டெஸ்மண்ட்தான். "பகடைக்குக் கண்ணா இருக்கு, பெயின்ட் காஞ்சுதா இல்லையான்னு பாக்க?" என்று எல்லாரையும் கேலி பண்ணுவான். முன்பு ஒருமுறை அவன் புது ராட்சசனை நெவிலின் பீரங்கி முதல் குண்டிலேயே சாய்த்தபோதுகூட அவன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

ஆட்டம் ஆரம்பமானது. ஒவ்வொரு சுற்றிலும் நெவில் முதலில் ஆட வேண்டும், அப்புறம் டெஸ்மண்ட். ஆடுகிறவன் கையில் அளவு நாடா இருக்கும். ஆடி முடித்ததும் அதை மேஜையில் வைப்பான். வைக்கிறவரைக்கும் அவன் முறைதான், எதிராளி வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. திறந்தால் ஏதாவது உளறி, அவன் கவனிக்காமல் விட்டதைக் கவனிக்க வைத்துவிடுவான். இது அந்தக் கூடத்தில் எல்லாரும் அடிபட்டுக் கற்றுக்கொண்ட பாடம்.

முதல் சுற்றில் நெவில் தன் கோடரி வீரர்களைக் கோபுரத்தை நோக்கி நகர்த்தினான். ஒரு வருஷம் தொடாத ஆட்டம், கொஞ்சம் தடுமாறினான். நாடாவை வைக்கப் போனான்.

"உன் பீரங்கிய மறந்துட்டியேடா" என்றான் டெஸ்மண்ட்.

நெவில் நிமிர்ந்து பார்த்தான். இவனா ஞாபகப்படுத்துகிறான்? முன்பெல்லாம் நெவில் எதையாவது மறந்தால் நாடா மேஜையைத் தொடும்வரை மூச்சுவிடாமல் காத்திருந்து, தொட்டதும் "அடடா, அது போச்சே!" என்று கை தட்டுகிறவன் ஆயிற்றே!

"ஆமால்ல" என்று சொல்லி நெவில் பீரங்கியைச் சுட்டான். நாலு பூதம் விழுந்தது. பீரங்கி ஒரு தடவை சுட்டால் அடுத்த சுற்று முழுக்கக் குண்டு நிரப்ப வேண்டும், அந்தச் சுற்றில் சுட முடியாது.

டெஸ்மண்டின் முறை வந்தது. நெவில் டிராகனையே பார்த்துக்கொண்டிருந்தான். அது மரம் வைத்த மலைக்குப் பின்னால் நின்றது. இறக்கையை விரித்தால் ஒரே பறப்பில் கோபுரத்துக்கு வந்துவிடும். டெஸ்மண்ட் நாடாவை நீட்டி மலையிலிருந்து அளந்தான். மறுபடி அளந்தான். டிராகனின் அடிப்பீடத்தில் விரலை வைத்தான், எடுத்தான். பிறகு பூதங்களை மட்டும் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டு நாடாவை வைத்தான்.

சரி, முதல் சுற்றுதானே, பதுங்குகிறான் என்று நெவில் நினைத்தான். இரண்டாவது சுற்றிலும் டிராகன் வரவில்லை. மூன்றாவதில் டெஸ்மண்ட் திரும்பவும், "பீரங்கி இருக்குடா, சுடு" என்றான். நெவில் சுட்டான், இன்னும் ஐந்து பூதம் காலி. டிராகன் அசையவில்லை. படையின் மொத்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு மிருகம்தான். அதை மூலையில் நிறுத்திவிட்டு ஒருவன் போர் செய்கிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

"உன் டிராகனுக்கு இறக்கை வலிக்குதா?" என்று நெவில் கேட்டுப் பார்த்தான்.

"தூங்குது. எழுப்பாத."

"மதியச் சாப்பாடு பலமோ?"

"நீ உன் தாடிக்காரங்களப் பாரு."

அவ்வளவுதான் பேச்சு. நாலு வார்த்தைக்கு ஒரு கேலி செய்கிற வாய் அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. போடுகிற பகடையெல்லாம் ஒன்றும் இரண்டுமாக விழுந்தன. அதற்கும் அவன் கத்தவில்லை. முன்பு ஒன்று விழுந்தால் அந்தப் பகடையைக் கோப்பைக்கு அடியில் கவிழ்த்து, "ஜெயில்ல கிட!" என்று தண்டனை கொடுப்பான். இப்போது பேசாமல் பொறுக்கி எடுத்துக்கொண்டான். நடுவில் ஒருதரம், "முடியலைன்னா கொஞ்சம் உக்காந்து ஆடேன்" என்றுகூடச் சொன்னான். நெவிலுக்குச் சுருக்கென்று தைத்தது.

நாலாவது சுற்று முடிந்தபோது கோபுரத்தைச் சுற்றிக் குள்ளர்கள் வேலி போட்டாற்போல் நின்றார்கள். நடுவில் தங்கக் கிரீடத்தோடு குள்ளராஜா. பூதப்படையில் பாதிதான் பாக்கி. அந்தக் கூடத்தின் வரலாற்றில் நடக்காதது நடக்கப் போகிறது, நெவில் ஜெயிக்கப் போகிறான். அவனுக்கோ மீன் கடைக்காரன் அள்ளிப் போடும் உருளைக்கிழங்குதான் நினைவுக்கு வந்தது.

விட்டுக்கொடுக்கிறானா, இல்லையா? நேரே கேட்டால் "சேச்சே" என்பான். அது எதற்கு உதவும்? சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று நெவில் முடிவு செய்தான்.

ஐந்தாவது சுற்று. "பீரங்கி" என்று டெஸ்மண்ட் மூன்றாவது தடவையாக எடுத்துக் கொடுத்தான். நெவில் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டான். அப்புறம், இடப்பக்கம் நின்ற கோடரி வீரர்களை எடுத்து, எந்தக் காரணமும் இல்லாமல், ஒரு சாண் தள்ளி வைத்தான். வேலியில் ஓட்டை. சின்ன ஓட்டையா? மலையிலிருந்து நேராக ராஜாவின் நெஞ்சு வரைக்கும் தடையில்லாத பாதை. ஒரு டிராகன் இறக்கையை விரித்துக்கொண்டே போய்வரலாம். நெவில் நாடாவை மேஜையில் வைத்தான். இதைப் பார்த்தும் வராவிட்டால் விட்டுக்கொடுக்கிறான், வேறு பேச்சே இல்லை.

டெஸ்மண்ட் ஓட்டையைப் பார்த்தான். நாடாவை எடுத்தான். குனிந்து டிராகனின் கண் மட்டத்திலிருந்து பார்த்தான். நிமிர்ந்து நெவிலின் முகத்தைப் பார்த்தான். தேநீரை ஒரு மடக்குக் குடித்தான், அது எப்போதோ ஆறிப் போயிருந்தது. மறுபடி ஓட்டையைப் பார்த்தான். நெவில் மனதுக்குள், வாடா, வந்து தொலையேன்டா என்று கெஞ்சினான். சாமி கும்பிடாதவன், கும்பிடாத குறைதான்.

டெஸ்மண்ட் வலப்பக்கம் இருந்த ஏழெட்டுப் பூதங்களைத் தூக்கி வேறு எங்கேயோ வைத்தான்.

நெவிலுக்குக் கோபம் ஜிவ்வென்று ஏறியது. "போதும்டா" என்றான்.

"என்ன போதும்?"

"நீ விட்டுக்கொடுக்குறது."

அவன் குரல் அவனுக்கே தெரியாமல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேஜைகளில் பகடைச் சத்தம் நின்றது. ஹேசல் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"யாரு, நானா? உனக்கா?" என்றான் டெஸ்மண்ட்.

"பின்ன? ஆரம்பத்துலேருந்து டிராகன மலைக்குப் பின்னாடி பூட்டி வெச்சிருக்க. என் பீரங்கிய நீ ஞாபகப்படுத்துற. வாயத் திறந்து ஒரு கேலி இல்ல, உக்காந்து ஆடுன்னு உபசாரம் வேற! இதோ இந்த ஓட்டை வழியா என் தங்கச்சி நாய்கூட உள்ள வந்திருக்கும். நீ வரல. ஏன்? பாவம், சீக்காளி, ஒரு தடவ ஜெயிச்சுட்டுப் போகட்டும்னுதானே? நீயுமாடா?"

டெஸ்மண்ட் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தான். "பாவமா? உன் மேலயா? என் ராட்சசன முதல் குண்டுல சாய்ச்சியே, அப்ப நீ எனக்குப் பாவம் பாத்தியா?"

"அப்ப ஏன் பீரங்கிய ஞாபகப்படுத்தின?"

"டேய் மடையா, அது சுட்டுட்டா அடுத்த சுத்துல காலியா கிடக்கும்ல? நீ அதை என் பூதங்க மேல சுட்டுத் தீத்துட்டா, நான் பயமில்லாம டிராகன இறக்கலாம்னு பாத்தேன். மூணு தடவ உன் கையாலயே காலி பண்ண வெச்சேன்."

நெவில் விழித்தான். இது பழைய டெஸ்மண்டின் புத்திதான், சந்தேகமே இல்லை. "அப்புறம் ஏன் இறக்கல?"

டெஸ்மண்ட் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான், இருந்தும் எல்லாருக்கும் கேட்டது. "முதல் நாள் இறக்குனா செத்துருமேடா."

"நீதான் அதையெல்லாம் நம்ப மாட்டியே!"

"நம்ப மாட்டேன். ஆனா செத்துருதே!"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெஸ்மண்ட் கவலைப்படவில்லை. "அந்த நகத்தை ஏன் விட்டேன்னு நினைக்குற? முழுசா முடிக்கலைன்னா அது புதுசாவே ஆகலைன்னு ஒரு கணக்கு."

"யாரு போட்ட கணக்கு?"

"நான்தான் போட்டேன்! நீ ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப ஞாயித்துக்கிழமை ஆனா நான் என்னடா செய்வேன்? வேற எவன்கூடயும் ஆடப் பிடிக்கல. உக்காந்து ஒவ்வொரு செதிலா பூசுனேன். ஒரு வருஷம் ஆச்சு நான் பகடையத் தொட்டு, கையே மறந்துபோச்சு. முதுகு வலிக்குது எனக்கு, உனக்கும் வலிக்கும்னு உக்காரச் சொன்னா அது உபசாரமா? நீ ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன்னா, நீ நல்லா ஆடுன, அவ்வளவுதான். எனக்கு இங்க வயிறு எரியுது, இவன் பாவம் பாக்குறேங்கிறான்!"

நெவில் நிமிர்ந்தான். நான் நன்றாக ஆடினேனா? அவன் சுற்றிலும் பார்த்தான், வேலி போட்ட தன் படையைப் பார்த்தான். அதெல்லாம் தன் கையால் நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"சரி, இந்த ஓட்டை?" என்றான், குரல் இறங்கிப்போயிருந்தது. "இதைப் பாத்தும் நீ வரலையே?"

"வலைன்னு நினைச்சேன். பத்தொன்பது வருஷத்துல நீ ஒரு ஓட்டை விட்டிருக்கியா? கடையச் சாத்துற மாதிரி வரிசைய இறுக்கி மூடி வெப்ப. திடீர்னு கதவத் திறந்து விளக்கும் போட்டு வெச்சா எவன் உள்ள வருவான்? நான் உள்ள என்ன வெச்சிருக்கியோன்னு..." டெஸ்மண்ட் சட்டென்று நிறுத்தினான். கண்ணைச் சுருக்கினான். "உள்ள என்னடா வெச்சிருக்க?"

நெவில் தரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லையா? அப்ப ஏன் திறந்த? ...வேணும்னே திறந்தியா? நான் வர்றேனான்னு பாக்க?" டெஸ்மண்டின் குரல் இப்போது நிஜமாகவே ஏறியது. "அப்ப விட்டுக்கொடுத்தது யாருடா? நீ! எனக்கு! பத்தொன்பது வருஷமா நான் உன்னை அடிக்குறேன், ஒரு நாள் இப்படிக் கேவலப்படுத்தியிருக்கேனா உன்னை?"

எதை யாரும் தனக்குச் செய்துவிடக் கூடாது என்று நெவில் பயந்து பயந்து வந்தானோ, அதையே தன் கையால் டெஸ்மண்டுக்குச் செய்து வைத்திருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்புதான்டா" என்றான்.

"தப்புதானா? சரி." டெஸ்மண்ட் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினான். "இது என்ன?"

"...டேப்."

"மேஜைல வெச்சுட்டேனா?"

நெவில் அந்தக் கையைப் பார்த்தான். டெஸ்மண்ட் பூதங்களை நகர்த்தியதோடு சரி, நாடாவைக் கையிலேயே வைத்திருந்தான். நெவில்தான் அவசரப்பட்டு வாயைத் திறந்துவிட்டான். உள்ளே ஒன்றும் இல்லை என்று வேறு ஒப்புக்கொண்டாயிற்று!

"இல்ல" என்றான்.

"அப்ப என் முறை இன்னும் முடியல."

"டெஸ்மண்ட், வேணாம், விட்டுரு. பாவம் அவன்" என்று ஹேசல் தேநீர்ப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஹேசல், நீங்க சும்மா இருங்க!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பாவம், அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டெஸ்மண்ட் டிராகனைத் தூக்கினான். ஓட்டை வழியாக அது வந்து ராஜாவின் முன்னால் இறங்கியது. பகடைகள் உருண்டன, முதல் வீச்சிலேயே ராஜாவைச் சுற்றி நின்ற மெய்க்காவலர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள். பிறகு டெஸ்மண்ட் நாடாவை மேஜையில் டொக்கென்று வைத்தான்.

ஆறாவது சுற்று, கடைசி. பீரங்கியில் குண்டு இல்லை. தள்ளி வைத்த கோடரி வீரர்கள் திரும்பி வந்து சேர தூரம் போதாது. மற்றக் குள்ளர்களின் ஆயுதம் அந்தச் செதிலில் ஏறாது, ராஜாவின் கோடரி மட்டும்தான். மூன்று பகடை, அதில் ஏதாவது ஒன்று ஆறு விழுந்தால் டிராகன் காலி, கோபுரம் நெவிலுடையது. புதுப் பெயின்ட் கதையும் மெய்யாகிவிடும். இப்போது கூடமே அந்த மேஜையைச் சுற்றி நின்றது.

நெவில் பகடைகளைக் குலுக்கினான். ஜெயிக்க வேண்டும் என்று அவனுக்கு இருந்தது, ரொம்பவே இருந்தது. டெஸ்மண்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

ஐந்து. இரண்டு. மூன்றாவது உருண்டு போய் மலையடிவாரத்தில் ஒரு கல்லில் சாய்ந்து நின்றது, மேலே ஆறு.

"சாஞ்சது செல்லாது" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

"செல்லாது" என்றான் நெவிலே. எடுத்து மறுபடி போட்டான். பகடை விரிப்பில் இரண்டு குதி குதித்தது. நாலு.

"என்னடா? என்ன விழுந்துச்சு?" டெஸ்மண்ட் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"உன் பிசாசு பொழச்சுக்கிச்சு."

டெஸ்மண்ட் கண்ணைத் திறந்தான். அப்புறம் நடந்ததைப் போர் என்று சொல்ல முடியாது. டிராகன் ஒரே மூச்சில் குள்ளராஜாவை ஊதித் தள்ளியது. கோபுரம் போயிற்று. அந்தத் தொப்பை மனுஷன் ஹேசலின் தட்டை எடுத்துத் தாளம் போட்டுக்கொண்டு, "குள்ளா குள்ளா, குழிக்குள்ள போ! குள்ளராஜா, கிரீடம் தா!" என்று மேஜையைச் சுற்றிச் சுற்றி ஆடினான். பழைய பாட்டுதான், ஒவ்வொரு வெற்றிக்கும் பாடுவது. நெவிலின் முகத்துக்கு நேரே வந்து நின்று ஒரு சுற்று கூடுதலாகவும் ஆடினான். ஒரு வருஷமாக யாருமே தன்னை இப்படி மட்டமாக நடத்தவில்லை என்று நெவிலுக்குத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பில் வந்தது என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அவனும் அப்படியே விட்டுவிட்டான்.

மூச்சு வாங்கி உட்கார்ந்த பிறகு டெஸ்மண்ட் சொன்னான், "அந்த ஓட்டைய நீ திறக்காம இருந்திருந்தா இன்னைக்கு ஜெயிச்சிருப்ப. தெரியும்ல?"

"தெரியும்."

"பத்தொன்பது வருஷத்துல முதல் தடவ."

"தெரியும்டா, சும்மா குத்தாத."

"நல்லா குத்துவேன். வாழ்நாள் பூரா குத்துவேன்."

நெவில் எழுந்தான். வீரர்களைப் பெட்டியில் அடுக்கினான், மலைகளையும் கோபுரத்தையும் எடுத்து வைத்தான், விரிப்பைச் சுருட்டினான். மேஜையைப் பக்கவாட்டில் சாய்த்துக் காலை மடக்கப் போனான். ஹேசல் அலறிக்கொண்டு வந்தாள். "நெவில், அதைத் தொடாத! டெஸ்மண்ட், எழுந்திரு! நீ மடக்கு அதை!"

டெஸ்மண்ட் எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, கடைசியாக மிஞ்சியிருந்த சாசேஜ் ரோலைக் கடித்தான். "ஹேசல், தோத்தது யாரு?"

"அது இல்லப்பா, அவனுக்கு உடம்பு..."

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மூளைதான் இல்ல. டேய், அந்தப் பக்கக் கால் மாட்டிக்கும், தட்டி மடக்கு. கோப்பைல கறை இருந்தா நான் சும்மா இருக்க மாட்டேன்."

நெவில் தட்டி மடக்கினான். மேஜை கனமானதுதான். தையல் போட்ட இடம் கொஞ்சம் இழுத்தது, வலிக்கவில்லை. தனியாகவே தூக்கிக்கொண்டு போய் அறையில் சாய்த்து வைத்தான். யாரும் ஒரு கை பிடிக்க வரவில்லை. டெஸ்மண்ட் வரவிடவில்லை. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நெவில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"இனிமே அந்த நகத்துக்குப் பெயின்ட் அடிச்சுரலாம்ல?" என்று கேட்டான்.

"அடிச்சா புதுசாயிடுமேடா!" என்றான் டெஸ்மண்ட், பதறிப்போய்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. டெஸ்மண்ட் கோட்டை மாட்டிக்கொண்டு, கறுப்புப் பெட்டியை எடுத்து நெவிலின் கையில் வைத்தான். அந்தக் கூடத்தில் ஒருவன் படையை இன்னொருவன் கேட்காமல் தொடவே மாட்டான். ஒரு வருஷத்து வேலையை இன்னொருவன் கையில் கொடுப்பவனை யாரும் பார்த்ததும் இல்லை.

"வண்டி வரைக்கும் தூக்கிட்டு வா. தோத்தவன்தானே" என்றான். "படில பாத்து. கீழ போட்ட, கொன்னுருவேன்."

ஹேசலின் கையிலிருந்து கரண்டியே விழுந்துவிட்டது. அந்தச் சொல்லை ஒரு வருஷமாக யாரும் நெவிலிடம் சொன்னதில்லை.

"போட மாட்டேன்டா, நட" என்று சொல்லிவிட்டு, நெவில் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான்.